வெறுங்கையோடு காட்டுக்குள்

ஏப்ரல் 8, செவ்வாய்

என் காட்டு நடைக்கு வரக் குமுதா ஒருவழியாகச் சரி என்று சொல்லிவிட்டாள். ஒரு வருடமாகக் கெஞ்சியிருக்கிறேன். இன்று மதியம் மீ கோரெங் தட்டைப் பார்த்தபடியே, "சரி லா, அடுத்த மாசம் வரேன். அட்டை கடிச்சா உன்னத்தான் கேப்பேன்" என்றாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உடனே அட்டையைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

என் பிழைப்பு அப்படி. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் உட்கார்ந்து இழப்பீட்டு மனுக்களில் ஊரார் விபத்துகளைப் படிப்பதுதான் வேலை. படிக்கட்டைப் பார்த்தால் இதில் யார் விழுவார்கள் என்றுதான் முதலில் தோன்றும். குமுதாவுக்கும் அதே வேலை, அடுத்த மேசை. ஆனால் அவளுக்கு இந்த வியாதி ஒட்டவில்லை. அவள் உலகம் அடுக்குமாடிக் கொண்டோ, கார், ஆபீஸ், மால். கால் மண்ணில் பட்டு எத்தனை நாளாச்சு என்று ஒருமுறை கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டு, "கார் கழுவுற எடத்துல ஒருவாட்டி" என்றாள்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு வேனும் சில கார்களுமாக அம்பாங் பக்கம் போகிறோம். புக்கிட் மெராந்தி காப்புக்காடு. பூட்டிக்கிடந்த கோவிட் காலம் முடிந்ததும், வீட்டுச் சுவரைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய் நான் ஆரம்பித்தது. முதல் தடவை காட்டு வாசலில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். உள்ளே காலெடுத்து வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. "உத்தரவு கேக்காம எப்படிப் போறது?" என்றார் வீரம்மா அக்கா. எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே பூக்கடை வைத்திருப்பவர். ஓடையில் இறங்கி ஒரு கல்லை எடுத்து வந்து, கார் பார்க் ஓரத்து மரத்தடியில் வைத்து, மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்து, இரண்டு வாழைப்பழம் வைத்தார். காவலுக்கு முனியாண்டி. அதன் பிறகுதான் சனம் நகர்ந்தது.

மலேசியத் தமிழனை ஏர்கான் அறையை விட்டு வெளியே இழுக்க நான் போட்ட நோட்டீஸ் எதுவும் உதவவில்லை. அந்தத் தேங்காய்தான் ஆள் சேர்த்தது. இன்றைக்கு வேனில் இடம் கிடைப்பதில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

மல்லிகை வாங்கப் போனேன். வீரம்மா அக்கா வாழைச் சீப்பு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். "இது நம்ம தலைவருக்கு."

தலைவர் என்பது கார் பார்க்கைச் சுற்றியிருக்கும் குரங்குக் கூட்டத்தின் பெரிய ஆண். பூசை முடிந்ததும் கூட்டம் இறங்கி வந்து பழத்தை எடுத்துக்கொள்ளும். தலைவர் மட்டும் அக்காவின் உள்ளங்கையிலிருந்து எடுப்பார். அதைப் படம் பிடிக்கவே சிலர் வருகிறார்கள். முனிக்கு வைத்த பழத்தை ஆஞ்சநேயர் வந்து வாங்கிக்கொள்கிறார் என்று அக்கா சொன்னால், கேட்பவர்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது. எனக்கும்தான்.

போன நடையில் தலைவர் வேன் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார். கதவைத் திறக்கும் முன்பே. அதை நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மே 3, சனி

நாளை நடை. குமுதாவுக்கு மூன்று தடவை மெசேஜ் அனுப்பிவிட்டேன் — நீளக் காலுறை, மழைக்கோட்டு, குடை வேண்டாம். அட்டைக்கு உப்பு எடுத்து வைத்தேன். காய்ந்த கிளை விழும் இடம் தெரியும். வழுக்கும் பாறை தெரியும். என் கணவர் விஜயன் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஒரு பெட்டி கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த மனுஷன். அவரே சிரிக்கிறார். "காட்டுக்குப் போனா நிம்மதிங்கற. ஆப்பரேஷனுக்குப் போற மாதிரி மூஞ்ச வெச்சிருக்கியே, ரேஞ்சர் அம்மா."

எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன்.

மே 4, ஞாயிறு

அட்டை இல்லை. மரம் விழவில்லை. யாரும் வழுக்கவில்லை. காட்டுக்குள் ஓர் அடிகூட வைக்கவில்லை. கார் பார்க்கிலேயே —

குமுதா கையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பை. அவளுடைய காலைச் சாப்பாடு, நாசி லெமாக். அக்கா அப்போதுதான் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தார். தலைவர் வேன் கூரையிலிருந்து நேராக அந்தப் பைக்குத் தாவினார். விட்டிருந்தால் பையோடு போயிருக்கும். அவள் விடவில்லை, இழுத்தாள். நான் "விடு லா, விடு, விடு" என்று கத்துகிறேன். அவள் இன்னும் இழுக்கிறாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நகம் இறங்கிவிட்டது.

கிளினிக்கில் தையல், ஊசி. குமுதா என்னைப் பார்க்கவே இல்லை. வரும் வழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "மிருகம்னா காட்டுக்குள்ள இருக்கும்னு சொன்ன."

மே 5, திங்கள்

குமுதா வேலைக்கு வரவில்லை. அவள் மேசை ஃபோன் அடித்தால் நான் எடுக்கிறேன். நேற்று யாரோ எடுத்த வீடியோ, ஜொகூரில் இருக்கும் என் தங்கையின் வாட்ஸ்அப் குழு வரை போய்விட்டது. குமுதாவே தன் கொண்டோ குழுவுக்கு அனுப்பியிருக்கிறாள் போலிருக்கிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மே 7, புதன்

காட்டு அலுவலகத்திலிருந்து ஃபோன். வெள்ளிக்கிழமை வரச் சொல்கிறார்கள்.

மே 9, வெள்ளி

என்சிக் ஹஃபீஸ். அங்கே பொறுப்பாக இருக்கும் அதிகாரி. எங்கள் நடைக்கு எப்போதும் கையசைப்பார். இன்று கையசைக்கவில்லை. நேராகக் கார் பார்க்குக்குக் கூட்டிப் போனார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் போய்ப் பூசைக் கூட்டத்துக்குள் நிற்கிற எனக்கு இது கண்ணில் படாமல் போயிருக்கிறது. மரத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி. எலுமிச்சை மாலை. எங்கள் கல்லுக்குப் பக்கத்தில் யாரோ நட்ட ஒரு சூலம். சுற்றிலும் அழுகின பழத்தோல், பிளாஸ்டிக், ரொட்டிப் பை. செவ்வாய், சனி என்றால் எங்கெங்கிருந்தோ கார்கள் வருகின்றனவாம். எங்கள் படங்களைப் பார்த்துவிட்டுத்தான். பக்கத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளில் குரங்குகள் சமையலறை வரை புகுந்துவிட்டன. வீடியோ வந்த பிறகு அங்கிருந்து புகார்மேல் புகார்.

"கூண்டு வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு, புவான் மலர்" என்றார் மலாயில். அவருக்கு நான் எப்போதும் புவான், திருமதி.

"புடிச்சு எங்க விடுவீங்க? உள்காட்டுலயா?"

அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். "மனிதன் கையில் சாப்பிட்டுப் பழகியது எங்கே விட்டாலும் வீடு தேடி வரும். விடுவதில்லை."

விடுவதில்லை. அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவரே பேச்சைத் திருப்பினார்: "எங்கள் கிராமத்திலும் காட்டுக்குள் போகும் முன் அனுமதி கேட்போம், புவான். வாயால் கேட்போம். அவ்வளவுதான்."

பழம் நின்றால் குரங்குகள் மெல்ல உள்ளே போய்விடும், கூண்டை எடுத்துவிடலாம் என்று தானே மேலிடத்துக்கு எழுதுவதாகவும் சொன்னார். நிற்காவிட்டால் கூட்டம் மொத்தமும் போகும். அந்தக் குட்டிகளும்.

வேனில் இடம் கிடைப்பதில்லை என்று போன மாதம் பெருமையாக எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது.

மே 11, ஞாயிறு

அக்கா கடைக்குப் பின்னால் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினேன். பேசினேன் என்று சொல்வதற்கு இல்லை. திக்கித் திணறினேன்.

கமலநாதன் அங்கிள் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் நடையில் பெரியவர் மாதிரி. அவர் எழுந்துவிட்டார். "இன்னிக்குப் பழம் வேணாங்கறாங்க. நாளைக்குக் கல்லு வேணாம்பாங்க. நாளான்னிக்கு நாமளே வேணாம்பாங்க. எத்தன கோயிலு இப்படிப் போச்சுன்னு நான் பாத்திருக்கேன்மா."

அவர் பயம் பொய்யில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. கோயிலுக்குப் புல்டோசர் வந்த கதைகள் எங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கின்றன. நான் என்ன சொல்ல? இது அப்படி இல்லை, அங்கிள், இது குரங்கு உயிர் என்றேன். "குரங்குக்குப் போடற சோறு பாவமாயிருச்சா? நீதானே ஆரம்பிச்ச? இப்ப சாமிய எடுங்கறியா?" என்றார். அவர் பக்கத்தில் பத்துத் தலைகள் ஆடின.

வீரம்மா அக்கா பூக்கட்டிக்கொண்டே இருந்தார். நான் கிளம்பும்போது தினமும் தரும் ஒரு முழம் மல்லிகையைத் தரவில்லை.

மே 12, திங்கள்

விடுமுறை. நாள் முழுக்கப் படுத்திருந்தேன். விஜயன் தே தாரிக் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். கேலி எதுவும் செய்யவில்லை. நிலைமை அவ்வளவு மோசம்.

மே 17, சனி

பழம் வைக்க வருகிறவர்களைத் தடுக்கலாம் என்று தனியாகப் போய்க் கார் பார்க்கில் நின்றேன். மரத்துக்கு எதிரே கூண்டு வந்துவிட்டது. ஆள் உயரக் கம்பி வலை, கதவைத் தூக்கிக் கட்டியிருந்தது. இன்னும் இரை வைக்கவில்லை. குரங்குகள் அதன்மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தன.

கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மாள் கையில் முழு வாழைத் தார். நான் பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆப்பரேஷன்மா. பொழச்சு வந்தா ஆஞ்சநேயருக்குப் பழம் குடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன்." காருக்குள் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார், சட்டை பெரிதாகிப் போய்த் தொங்கியது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவரிடம் நான் எப்படி வேண்டாம் என்பது? நகர்ந்து நின்றேன். தார் முழுவதையும் வைத்தார்கள்.

தடுக்கப் போனவள் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மே 20, செவ்வாய்

வேலை முடிந்து வரும்போது வீரம்மா அக்கா கடைக்குள்ளிருந்தே கூப்பிட்டார். "கூண்டுங்கறியே. எனக்கு ஒருவாட்டி காட்டு."

"எதுக்குக்கா?"

"எல்லாரும் சொல்றத கேட்டுட்டேன். கண்ணால பாக்கணும்."

சனிக்கிழமை கூட்டிப் போகிறேன். கூண்டைப் பார்த்து அக்கா கோபத்தில் ஏதாவது பண்ணிவிட்டால்? கமலநாதன் அங்கிளுக்கு ஃபோன் போட்டு ஆள் திரட்டிவிட்டால்? தூக்கம் சரியில்லை.

மே 24, சனி

எழுதாமல் படுக்கக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காலையிலேயே போய்விட்டோம், நானும் அக்காவும், விஜயன் கார் ஓட்ட. அக்கா பஞ்சாபி சூட்டில், கையில் பூசைக் கூடை. அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூண்டுக் கதவு விழுந்திருந்தது. உள்ளே தலைவர்.

கத்துவார், வலையைப் பிய்ப்பார் என்றெல்லாம் பயந்துகொண்டே கிட்டப் போனேன். ஒன்றுமில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து வந்தார். வலைக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையை விரித்தார். எப்போதும் போல. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூசை தாமதமாகிவிட்டது என்று மட்டும்தான் நினைத்திருக்க வேண்டும்.

அக்கா அந்தக் கையைப் பார்க்கவில்லை. கூண்டின் தரையைப் பார்த்தார். அங்கே பாதி தின்ற சீப்பு ஒன்று கிடந்தது. பீசாங் மாஸ். சின்னதாய், மஞ்சளாய், அக்கா பூசைக்கு வாங்கும் அதே பழம்.

"இது நான் சாமிக்கு வெக்கிற பழம், மலரு. இதுக்குள்ள ஏன் கெடக்கு?"

"இரைக்கா. இத வெச்சாத்தான் உள்ள வரும்னு —"

"வேற பழம் வெச்சா வராதா?"

அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தார். தலைவர் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அக்கா சொன்னார்: "மூணு வருஷமா நாமதான் கூண்டு கட்டிருக்கோம்லா. இவங்க கதவு மட்டும் போட்டுருக்காங்க."

அப்புறம் என்சிக் ஹஃபீஸ் வந்தார். அக்கா அவரிடம் போய் இரண்டு கையையும் கூப்பினார். அக்காவுக்குத் தெரிந்தது சந்தையில் பேசும் பாசார் மலாய்தான், அதில் கேட்டார். ஒருமுறை விட்டுவிடுங்கள், இனி நான் பார்த்துக்கொள்கிறேன். ஹஃபீஸுக்கும் முகம் சரியில்லை. ஆளைக் கீறிய குரங்கு, ரிப்போர்ட் ஆகிவிட்டது, என் கையில் இல்லை, மச்சிக் என்று அத்தை முறை வைத்துச் சொன்னார். லோரி வந்தது. கூண்டோடு ஏற்றினார்கள். ஏற்றும்போதுதான் தலைவர் முதல் தடவையாகக் கத்தினார். மரத்தின் மேலிருந்து மற்றதெல்லாம் கத்தின. எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. அக்கா பொத்திக்கொள்ளவில்லை, அதனால் நானும் பொத்தவில்லை.

அழுதேன். விஜயன் முன்னால், ஹஃபீஸ் முன்னால், கார் பார்க்கில் நின்று. எழுதும்போதும் வருகிறது. அதற்குத் தலைவர் என்று பெயர் நாங்கள்தானே வைத்தோம்.

மே 25, ஞாயிறு

அக்கா சொல்லி அனுப்பினார், எல்லோரும் காட்டு வாசலுக்கு வந்தோம். கமலநாதன் அங்கிள் சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. புதுக்கூண்டு அதே இடத்தில் திறந்து கிடந்தது. உள்ளே பழம். அக்கா அவரை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "இது யாரு வெச்ச பழம், அண்ணே? பாத்துச் சொல்லுங்க" என்றார். அங்கிள் பார்த்தார். ஒரு குட்டி கூண்டு வாசல் வரை வந்து அவர் முகத்தைப் பார்த்தது, ஏதாவது தருவார் என்று. மடித்த கையை அவர் இறக்கிவிட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அக்கா செய்ததற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கல்லுக்குச் சூடம் காட்டினார். கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கினார். "இங்கருந்துதான் உங்களக் கூட்டியாந்தேன். இங்கயே இருங்க. நாங்க வந்து நிப்போம், கையில ஒண்ணும் இருக்காது, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லி, மஞ்சளைக் கழுவி, தண்ணீருக்குள் வைத்தார். மற்றக் கற்களோடு கலந்துவிட்டது. கரையிலிருந்து பார்த்தால் எது என்று தெரியவில்லை.

சாமியை எடுக்கவில்லை. இருந்த இடத்துக்கு அனுப்பினார். அங்கிளுக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. யாருடையது என்றே தெரியாத அந்தச் சூலத்தைத் துணியில் சுற்றித் தன் காரில் வைத்துக்கொண்டார், கோயிலில் ஒப்படைக்க.

இனிமேல் தேங்காய் பிரிக்ஃபீல்ட்ஸில் உடையும், வேன் கிளம்பும் முன். பழத்தை நாமே சாப்பிட்டுவிட்டு ஏறுவது. காட்டுக்கு வெறுங்கை.

ஜூன் 3, செவ்வாய்

குமுதா இடைவேளையில் என் மேசைக்கு வந்து நின்றாள். கையில் தழும்பு சிவப்பாக இருந்தது. "அந்தக் கொரங்கு என்ன ஆச்சு?"

சொன்னேன்.

"நான் பைய விட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடி, உன்மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஃபோன் அடித்தது, எடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, சனி

செவ்வாயும் சனியும் முறை வைத்து நிற்கிறோம். கமலநாதன் அங்கிள் மடக்கு நாற்காலி, பிளாஸ்க், ரயில்வே விசில் சகிதம் வருகிறார். யாராவது பழத்தோடு இறங்கினால் விசில். பிறகு அவரே போய், "வாங்கம்மா, சாமி ஓடையில இருக்காரு, கும்புட்டுக்குங்க. பழத்த நாம சாப்பிடலாம், எனக்கும் ஒண்ணு குடுங்க" என்கிறார். நான் பாடம் செய்து பேசியதெல்லாம் வீண். இவர் உரித்துத் தின்றுகொண்டே ஆளை அனுப்பிவைத்துவிடுகிறார். சர்க்கரை வியாதிக்காரர் வேறு. அந்தக் கவலையும் எனக்கே.

ஆனால் குரங்குகள் முன்னைவிட மோசம். பழம் இல்லை என்றதும் கோபம். இன்று ஒரு காரின் வைப்பரைப் பிடுங்கி எறிந்தன. விஜயன் காரின் கண்ணாடியைத் திருகிவிட்டன. தாமானில் ஒரு வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்துவிட்டனவாம். புதிய புகார்கள். என்சிக் ஹஃபீஸ் சொல்கிறார், கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும், பொறுங்கள் என்று. கூண்டை இன்னும் எடுக்கவில்லை. கதவை மட்டும் கயிறு போட்டு மூடி வைத்திருக்கிறார். அந்தக் கயிற்றை எப்போது அவிழ்ப்பார்கள் என்பதுதான் எனக்கு இரவும் பகலும் கவலை.

ஜூன் 28, சனி

பழம் நின்றுவிட்டது. நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால் மரத்தடியில் ஒரு மூட்டை பழைய ரொட்டி. சாமிக்கு இல்லை, வெறும் இரக்கம். காலையில் ஓட வருகிற யாரோ கொட்டியிருக்கிறார்கள். எல்லா இனத்துக்கும் கருணை உண்டு, அதுதான் தொல்லை. வீரம்மா அக்காவும் நானும் குரங்குகள் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினோம். பெட்டை ஒன்று குட்டியை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு அக்காவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பொறுக்கிக்கொண்டே, "போடி, போயி உன் சோத்தத் தேடு. எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்.

காட்டின்மேல் அன்பு வரவேண்டும் என்றுதான் சனங்களைக் கூட்டி வந்தேன். இப்போது அன்பு வைக்காதே என்று வாசலில் நிற்கிறேன். இப்படியா எழுதுவது? இல்லை. கையை நீட்டாதே என்கிறேன். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கே தினமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜூலை 2, புதன்

மழை. குரங்குகளுக்குப் பசிக்குமா?

ஜூலை 12, சனி

கார் பார்க்கில் நாலைந்து குரங்குகள்தான் இருந்தன. மற்றவை எங்கே? உள்ளே போய்விட்டனவா? அல்லது யாராவது வேறு இடத்தில் —

ஹஃபீஸிடம் கேட்டேன். தெரியாது என்கிறார். தெரியாது என்றால் எந்தத் தெரியாது?

ஜூலை 24, வியாழன்

ஹஃபீஸிடமிருந்து ஒரு படம் வந்தது. லோரியில் கூண்டு, காலியாக, மடக்கிக் கட்டியிருக்கிறது. கீழே ஒரு வரி. "திருப்பி அனுப்புகிறோம், புவான்."

ஆபீஸ் கழிவறையில் போய் நின்று அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கூண்டு காலிதானா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். காலிதான்.

ஆகஸ்ட் 2, சனி

நாளை நடை, மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. எத்தனை பேர் வருவார்கள்? தலைவரும் இல்லை, கையில் பழமும் இல்லை, படம் பிடிக்க ஒன்றும் இல்லை. வெறும் மரத்தைப் பார்க்க யார் வேனில் ஏறுவார்கள்? குமுதாவுக்கு மெசேஜ் எழுதி அழித்தேன். மறுபடி எழுதினேன். அனுப்பிவிட்டேன். பதில் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வேனில் பாதிதான் நிறைந்தது. பூக்கடை முன்னால் அக்கா தேங்காய் உடைத்தார். எல்லோரும் ஆளுக்கொரு பழம் உரித்துத் தின்றுகொண்டு நின்றோம், நடைபாதையில் போகிறவர்கள் வேடிக்கை பார்க்க. கிளம்பும் நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து குமுதா ரோட்டைத் தாண்டி வந்தாள். நீளக் காலுறை. பை இல்லை. இரண்டு கையையும் விரித்து எனக்குக் காட்டினாள், சோதனைக்கு நிற்பவள் மாதிரி. நான் கடைசிப் பழத்தை அவள் கையில் திணித்தேன். "இங்கயே தின்னு முடி."

ஓடையில் நின்று உத்தரவு கேட்டோம். எந்தக் கல் என்று அக்காவுக்குக்கூடத் தெரியவில்லை, பொதுவாகக் கும்பிட்டார். உள்ளே நடந்தோம். கார் பார்க்கில் ஒன்றும் இல்லை. பாதையில் ஒன்றும் இல்லை. புதிதாக வந்திருந்த ஒரு பெண் ஏமாந்துபோய், "கொரங்கு நெறைய இருக்கும்னு சொன்னாங்களே, ஆன்டி?" என்றாள். எனக்கு அந்தப் பழைய பயம். எல்லாம் போய்விட்டதா? நான் போகச் செய்துவிட்டேனா?

அந்த வழுக்குப் பாறைக்கு மேலே உள்ள பெரிய அத்திமரத்தடியில் குமுதாவின் தலையில் ஏதோ விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். பாதி கடித்த காய். அடுத்தது கமலநாதன் அங்கிளின் வழுக்கையில். எல்லோரும் நிமிர்ந்தோம்.

உச்சியில் மொத்தக் கூட்டமும் இருந்தது. பிய்த்துத் தின்பதும் எறிவதுமாக ஒரே சலசலப்பு. குட்டியை வயிற்றில் வைத்திருந்த பெட்டையும் இருந்தது. குட்டி இப்போது முதுகில். எங்களுக்குக் கழுத்து வலித்தது.

"நம்மள பாக்கவே இல்ல லா" என்றாள் குமுதா மெதுவாக. தழும்புக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீரம்மா அக்காவின் கை தானாக மேலே எழுந்தது, உள்ளங்கை விரித்தபடி. மூன்று வருடப் பழக்கம். பெட்டை ஒருமுறை கீழே பார்த்தது. அக்காவை அதற்கு நன்றாகத் தெரியும். பிறகு திரும்பிக்கொண்டு இன்னொரு காயைப் பிடுங்கியது.

அக்கா கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டார். "நடங்க, நேரமாச்சு" என்றார்.